பாம்பன் பாலம் ஏறும் முன்: மோட்டார் சைக்கிள் குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் மோட்டார் சைக்கிள் குழு நடத்திக்கொண்டு, மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் தனுஷ்கோடிக்கு வண்டியைத் திருப்பும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாலையோரம் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் நான். உங்கள் வரிசை என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் உங்களில் ஒரு குழுவில் சேர ஆசைப்பட்டு, சேர்க்கை விதிகளை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினான். ஆர்வம் தாங்காமல் வேறு சில குழுக்களின் விதிகளையும் வாங்கிப் படித்தேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனாலும் நல்லதை மறைக்கக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் இல்லாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது, பின்னால் உட்காருபவருக்கும் அதே சட்டம். ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் முதலிலேயே காட்ட வேண்டும். ரத்தப் பிரிவும் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும். குடித்திருந்தால் வந்த வழியே திரும்பலாம். முன்னால் போகும் லீடை யாரும் முந்தக் கூடாது, கடைசியில் வரும் ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. இதையெல்லாம் எங்கள் ஊர் இளவட்டங்களுக்கும் யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை. எங்கள் பக்கம் ஹெல்மெட் இன்னும் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்து, போலீஸைக் கண்டதும்தான் தலைக்கு ஏறுகிறது.

ஆனால் அத்தனை விதியும் ஓட்டுகிறவரின் உடம்பைக் காப்பாற்றுவதோடு நின்றுவிடுகிறது. போகிற ஊரைப் பற்றி, அந்தச் சாலையில் எதிரே வருகிறவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. புதிதாகச் சேருகிறவர் உங்களிடமிருந்து முதலில் வாங்கிப் படிப்பது இந்தத் தாளைத்தான். அதில் இல்லாததை அவர் ரோட்டில் போய் யோசிக்க மாட்டார்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலம். ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை வழி அது ஒன்றுதான். போக ஒரு தடம், வர ஒரு தடம். அதன் மேல் நின்றால், 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் கண்முன்னே இருக்கும். புதுப் பாலத்தின் நடுத்துண்டு அப்படியே மட்டமாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுவதைப் பார்க்க யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இருபது முப்பது வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் ஒரு தடம் அடைபட்டுப் போகும். தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி முற்றினாலும், பிரசவம் சிக்கலானாலும், ராமநாதபுரத்துக்கு இந்தப் பாலத்தின் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். 108 வண்டி சைரன் போட்டபடி நிற்கிறது, அதற்கு முன்னால் ஒரு சுற்றுலா பஸ், பஸ்ஸுக்கு முன்னால் ஸ்டாண்டு வைத்துப் படம் எடுக்கும் கூட்டம். இதை நான் கண்ணால் பார்த்தேன். எந்தக் குழு என்று சொல்லப் போவதில்லை. நகர்த்தச் சொன்னதும் சத்தம் போடாமல் நகர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்கிற வரை அவர்களுக்குத் தோன்றவில்லை. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தோன்றியிருக்கும்.

அதனால் முதல் வரியாக இதை எழுதுங்கள்: பாலத்தின் மேல் குழு நிற்காது. கரையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடைபாதையில் நடந்து போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் காற்று. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பாலத்தின் மேல் அது பக்கவாட்டில் வந்து தள்ளும். இரண்டு பக்கமும் பெட்டி கட்டிய பெரிய வண்டிதான் அதிகம் தள்ளாடும், பெட்டி காற்றை வாங்கும். ஜோடி போட்டு ஓட்டாமல், ஒற்றை வரிசையில் நல்ல இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள். பாலத்து இணைப்புகளில் இரும்பு இருக்கிறது. மழை நனைத்திருந்தால் அதன் மேல் வைத்து பிரேக் பிடிக்கக் கூடாது.

பாலம் தாண்டினால் தனுஷ்கோடி. 2017-இல் அதன் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன், கடைசித் தூரம் மணலில் வேன்காரர்கள்தான் கூட்டிப்போவார்கள். இப்போது ஒரு பக்கம் அலை அடங்கிய பெண் கடல், மறு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், நடுவில் நேராக ஒரு ரோடு. முறுக்கிப் பார் என்று சொல்லும் ரோடு. காற்று மணலை அள்ளிவந்து தாரின் மேல் மெல்லிசாகப் பரப்பியிருக்கும், வெயிலில் கண்ணுக்குப் படாது. வேகமாக வந்து அதன் மேல் முன் பிரேக்கைப் பிடித்தவர்களின் வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்துவது என் பிழைப்பில் ஒரு பகுதி. எனக்கு அந்த வருமானம் வேண்டாம்.

ரோட்டில் விழுவதாவது அவரோடு போகிறது. மணலில் வண்டியை இறக்குவதுதான் ஊருக்குத் தொல்லை. அந்தக் கரையில் கரைவலை இழுக்கிறார்கள், கயிறும் வலையும் மணலில்தான் கிடக்கும். மேலே டயர் ஏறி வலை கிழிந்தால் அன்றைய பாடு போச்சு. தை, மாசியில் கடலாமை ஏறி முட்டையிடுகிற கரையும் அதுதான். வனத்துறை ஆட்கள் இருட்டிலேயே கரையோரம் நடந்து, ஆமை ஊர்ந்த தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். நாலு வண்டி அதன் மேல் வட்டமடித்துவிட்டால் அந்தத் தடம் எங்கே இருக்கும்? இன்னொன்று, 1964 டிசம்பர் புயல் அடித்துப்போட்ட ஊர் அது. இடிந்த சர்ச் சுவர் பவளக்கல்லில் கட்டியது, தொட்டாலே உதிரும் நிலை. அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டியதில்லை. அந்த இடிபாடுகளைச் சுற்றி இன்றும் மீனவக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. அவர்கள் குடிசை வாசலில் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டியதும் இல்லை. மாலையில் போலீஸ் திருப்பி அனுப்பும்போது தகராறு பண்ணாமல் கிளம்புவதையும் விதியில் சேர்க்கலாம்.

சத்தம் என்றதும் சைலன்சர் ஞாபகத்துக்கு வருகிறது. நான் படித்த எந்த விதித் தாளிலும் சைலன்சரைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு ஆச்சரியமில்லை, குழு நடத்துகிறவர் வண்டியே அப்படித்தான் இருக்கும் போல! "அண்ணே, டிபி கில்லரைக் கழற்றிக் கொடுங்க, தனுஷ்கோடியில ஒரு வீடியோ எடுத்துட்டு மாட்டிக்கிறோம்" என்று கேட்டு வருவார்கள். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் துண்டுதான் டிபி கில்லர். வேறு கடை பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். கம்பெனியில் 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல் வரைதான் அனுமதி. அதை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறது அரசு. குளிர்காலத்தில் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நின்று இரை தேடும் பறவை அது. வெடிச்சத்தம் கேட்டால் மொத்தமாக எழும்பிப் பறந்துவிடும். அந்தப் பறப்பதைத்தான் சில பேர் படமெடுக்கிறார்கள், அழகாக இருக்கிறதாம். வெகுதூரம் பறந்து வந்த பறவையைத் தின்னவிடாமல் எழுப்பிவிடுவதில் என்ன அழகோ தெரியவில்லை. சைலன்சர் மாற்றிய வண்டிக்குக் குழுவில் இடமில்லை என்று எழுதுகிற முதல் குழுவுக்கு என் கடையில் செயின் டைட் பண்ணக் காசு வாங்க மாட்டேன்.

தண்ணீர் விஷயம் உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உப்புக்காற்று வண்டிக்கு ஆகாது, செயின், ஸ்போக், டிஸ்க், வயர் கனெக்டர் எல்லாம் துருப்பிடிக்கும், உடனே கழுவு என்று உங்கள் சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சரியான பேச்சுதான். ஆனால் கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், எங்கள் மாவட்டத்தில் இல்லாதது அதுதான். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நேரம் பார்த்து, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் காத்துக்கிடக்கிற ஊர்கள் இவை. தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துத்தான் குடிக்கிறார்கள். அந்த இடத்தில் போய், டீக்கடைக்காரரிடம் ரெண்டு பக்கெட் தண்ணி கேட்டு வண்டிக்கு ஊற்றுவது நன்றாகவா இருக்கிறது? போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, அதில் கழுவினால் கழுவாததே மேல். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செயினுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு கிளம்புங்கள். மதுரை போய்ச் சேர்ந்து வாட்டர் வாஷ் பண்ணிக்கொள்ளலாம். அந்த நாலைந்து மணி நேரத்தில் வண்டி ஒன்றும் கரைந்துவிடாது.

பஞ்சருக்கு வருவோம். சீமைக் கருவேலமுள். ரோட்டோரம் வெட்டிப்போட்ட கிளை காய்ந்து, முள் தாருக்கு வந்து கிடக்கும். புகைப்படத்துக்காக ரோட்டை விட்டு இறங்கினால் கேட்கவே வேண்டாம். ட்யூப்லெஸ் ஆட்கள் கிட் வைத்திருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வார்கள். ஸ்போக் வீல்காரர்கள் தங்கள் அளவுக்கு ஒரு ட்யூபைக் கையோடு கொண்டுவர வேண்டும், எங்கள் பக்கத்துக் கடைகளில் பெரிய வண்டி ட்யூப் கிடைப்பது அபூர்வம். ட்யூபை மாற்றும்போது டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, உடைந்து நிற்கும் முள் முனையைப் பிடுங்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே திரும்பப் பஞ்சர். சேர வருகிறவரிடம் அவர் இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று கேட்கிறீர்களே, அதற்குப் பதிலாக ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

தேதி விஷயம் சுருக்கமாக. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் கொள்ளாது, அன்றைக்குக் குழு ரைடு வேண்டாம். செப்டம்பர் 11-ஐ ஒட்டிப் பரமக்குடியிலும், அக்டோபர் 30-ஐ ஒட்டிப் பசும்பொன்னிலும் நினைவு நாட்கள். அப்போது மாவட்டம் முழுக்க வாகனக் கட்டுப்பாடு இருக்கும். கொடி கட்டிக்கொண்டு வரிசையாக வரும் எந்த வண்டிக் கூட்டத்தையும் போலீஸ் நிறுத்தி விசாரிக்கும். அது அவர்கள் வேலை.

ரோட்டில் கருவாடு காயும், அறுப்பு முடிந்தால் கதிர் கிடக்கும், முண்டு மிளகாய் காயும், ஆடு குறுக்கே வரும். சட்டப்படி சரியா என்றால் சரியில்லைதான். ஆனால் களம் இல்லாதவர்கள் எங்கே காயவைப்பார்கள்? வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போங்கள், ஹாரனை விடாமல் அடித்தால் ஆடு இன்னும் நடுவில்தான் வரும். அடிபட்டுவிட்டால் நில்லுங்கள். ஆளுக்கு அடிபட்டால் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதும், காவல் நிலையத்தில் சொல்வதும் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு வைத்த கடமை. கூட்டம் கூடி அடிக்க வரும் நிலை இருந்தால் அங்கிருந்து விலகிப் போவதற்கும் அதிலேயே இடமிருக்கிறது, ஆனால் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கு அடிபட்டால் விலையைப் பேசிக் கொடுத்துவிட்டுப் போங்கள். லீடு நிற்காமல் போனதால் பின்னால் வந்த அத்தனை பேரும் நிற்காமல் போன கதை எங்கள் ஊரில் உண்டு. அன்றைக்குப் பிறகு வந்த வேறொரு குழுவைத்தான் பிடித்து உட்காரவைத்தார்கள். ஆகவே குழுவில் யார் இடித்தாலும் லீடு நிற்பார் என்பது எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும்.

கடைசியாக, அந்தப் பையன். அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 350 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு அனுமதியில்லையாம், அவனிடம் இருப்பது 125. வேகம் ஒத்துவராது என்பது உங்கள் காரணம். ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 60-க்கு மேல் ஓட்ட வேண்டிய இடம் எது என்று எனக்குச் சொல்லுங்கள். மெதுவான வண்டியை லீடுக்கு நேர் பின்னால் விட்டால் மொத்த வரிசையும் அந்த வேகத்துக்கு வந்துவிடும். இது உங்களுக்குத் தெரியாத வித்தையில்லை, புதியவர்களை அங்கேதான் நிறுத்துகிறீர்கள். பாம்பனில் விடிவதற்குள் மீன் ஏலம் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய எக்ஸ்எல்லில் ஊர் ஊராகப் போய் விற்றுவரும் வியாபாரிகள் அந்தப் பாலத்தைக் கச்சானிலும் வாடையிலும் கடக்கிறார்கள். எந்த வளைவில் மணல் சேரும், எந்த நேரத்தில் ஆடு திரும்பும் என்று அவர்களுக்குத் தெரிந்தது உங்கள் லீடுக்குத் தெரியாது. அவர்கள் உங்களோடு சேர வரப்போவதில்லை, அவர்களுக்கு நேரமில்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகள் வருகிறார்கள். சிசி வரியை அடித்துவிடுங்கள்.

மார்கழி, தை விடுமுறைக்கு வருகிறவர்கள் இப்போதே தாளைத் திருத்திவிட்டால் நல்லது. ஞாயிறு மதியத்துக்கு மேல் என் கடை இருக்காது. ட்யூபோ கிளட்ச் கேபிளோ தேவைப்படும் என்று தோன்றினால் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள், ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
சாலையோர மெக்கானிக் ஒருவர்,
மண்டபம் போகும் வழி