கதிர் சிகிச்சைக்குப் போய்வர வண்டி கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்: சுகாதார அதிகாரி அவர்கள், டர்பன்
அனுப்புநர்: நோயாளியின் மனைவி, சாட்ஸ்வொர்த்

பொருள்: தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்துக்கொள்ளும் என் கணவருக்கு நாள் தவறாமல் வண்டி அனுப்பக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் ஆங்கிலத்தில் இரண்டு மனு கொடுத்தேன். இரண்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. நீங்கள் தமிழ் நன்றாகப் படிப்பீர்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

1. என் கணவருக்கு வயது 56. அடிநாக்கில் கட்டி. சிகரெட், குடி எதுவும் கிடையாது. எச்பிவி வைரஸால் வந்தது என்று பயாப்சியில் தெரிந்தது. அந்த வைரஸ் உடலுறவில் பரவும் என்று அக்கம்பக்கத்தில் கிசுகிசுப்பது எங்கள் காதிலும் விழுகிறது. பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது தொற்றித் தானாகவே போய்விடுகிற வைரஸ் அது. சிலர் உடம்பில் மட்டும் வருடக்கணக்காகத் தங்கிப் புற்றாகிறது. இதில் நாங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், மொத்தம் 35 முறை கதிர். கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். புகையால் வருகிற தொண்டைப் புற்றைவிட இந்த வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் நடுவில் நாள் விடக்கூடாது, விட்டால் மிச்சமிருக்கும் கட்டி மறுபடி வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

3. எங்கள் கஷ்டமே வண்டிதான் ஐயா. விடியற்காலை நாலு மணிக்கு கிளினிக் வாசலில் நிற்க வேண்டும். எங்கள் ஏற்றம் உங்களுக்குத் தெரியாததில்லை. சுகமாக இருப்பவருக்கே அந்த நேரத்தில் மூச்சு வாங்கும். வண்டி ஷால்க்ராஸ், மூர்ட்டன் என்று சுற்றி ஆளை ஏற்றிக்கொண்டுதான் ஹிக்கின்சன் ஹைவேயைப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மேசையில் படுக்கவைத்துக் கதிர் கொடுக்க கால் மணி நேரம். அப்புறம் கடைசி நோயாளி முடியும் வரை பெஞ்சில் உட்கார வேண்டும். வீடு திரும்ப மாலை ஆறாகிவிடுகிறது. வாயெல்லாம் வெந்து புண். எச்சில்கூட விழுங்க முடியாமல் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை மடியில் வைத்துத் துப்பிக்கொண்டே வருகிறார். வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஓடுகிற வண்டியில் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து நான் பாலை ஊற்றுகிறேன். பள்ளம் வந்தால் பாதி சட்டையில் கொட்டிவிடும். அவர் மருந்துக்குச் சிறுநீரகம் கெடாமலிருக்க நிறையத் தண்ணீர் உள்ளே போக வேண்டுமாம். பெஞ்சில் உட்கார்ந்தபடி எப்படிக் கொடுப்பது? தைப்பூசக் காவடிக்கு முன்னால் நின்று பாடிய மனிதர் இப்போது நோட்டில் "தண்ணி" என்று எழுதிக் காட்டுகிறார்.

4. இதையும் பொறுத்துக்கொள்கிறோம். வண்டியே வராத நாளை எப்படிப் பொறுப்பது? இதுவரை ஐந்து நாள் வரவில்லை. ஒரு நாள் மழையில் ஏழு மணி வரை நின்றோம். போன் செய்தால் "டிரைவர் லீவு" என்கிறார்கள். சரி, டிரைவர் லீவு, கட்டிக்கும் லீவா? தனிக் காருக்கு ஒரு நாளைக்கு 400 ரேண்ட் கேட்கிறார்கள். இரண்டு தடவை கொடுத்தோம். மூன்றாவது தடவைக்குக் காசில்லை. வயிற்றுக் குழாயோடு நெரிசலான மினிபஸ் டாக்சியில் இரண்டு இடத்தில் மாறிப் போகச் சொல்கிறீர்களா? குணமாகும் என்று டாக்டரே சொன்ன நோயை, ஒரு வண்டிக்காகக் கைதவற விடச் சொல்கிறீர்களா? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

5. தவறிய நாட்களைச் சனிக்கிழமைகளில், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுத்து ஈடுசெய்ய வழி இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்கும் வண்டி வேண்டும்.

6. 2014 முதல் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்கு ஊசி போடுகிறீர்கள். பையன்களுக்கும் போடுங்கள் ஐயா. என் பேரனுக்கு எட்டு வயது.

இன்னும் 17 முறை பாக்கி. திங்கட்கிழமை காலை நாலு மணிக்கு அதே வாசலில் நிற்போம். வண்டியை அனுப்புங்கள். கதிர் முடிந்தவர்களை உடனே திருப்பிக் கூட்டி வர இன்னொரு வண்டியும் விடுங்கள். கைகூப்பிக் கேட்கிறேன், வண்டியை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மனைவி

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், கதிர் தவறிய நாட்களைக் குறித்த சிகிச்சை அட்டையின் நகல்.