பச்சைக் கொழுந்தும் தூளும்

தலவாக்கலை
14.09.2025

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அறிக்கையை மறுநாளே டவுனுக்குக் கொண்டுபோய்க் கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்தேன். 46 பக்கம். போன் திரையில் அந்தப் பொடி எழுத்தை வாசிக்க இந்தக் கண்ணால் முடியாது. தாள்கட்டோடு நான் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த அம்மா, ஏதோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மறைக்கிறேன் என்று அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "புள்ள பங்கு வாங்கின கம்பெனியோட கணக்கு" என்றேன். "அவ கம்பெனியே வாங்கிட்டாளா?" என்றாள். இல்லை, அதில் ஒரு தூசி அளவு என்று விளக்கினேன். தூசிக்கு எதற்கு இத்தனை தாள் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போன ஞாயிறு நீ முக்கால் மணி நேரம் பேசினாய். அதில் அரை மணி நேரம் அந்தக் கம்பெனிதான். கெமராவால் பார்த்து நல்ல பருப்பையும் சொத்தைப் பருப்பையும் பிரிக்கிற மெஷின், அதற்குள் தானே கற்றுக்கொள்கிற மென்பொருள், மூன்று மாதத்தில் நாலு நல்ல செய்தி. நீ 2 டொலர் 10 சதத்துக்கு வாங்கிய பங்கு இப்போது 84 சதம். இன்னும் வாங்கினால் சராசரி விலை இறங்கும், அதனால் வீட்டு முற்பணத்துக்குச் சேர்த்ததில் ஒரு பகுதியை எடுத்துப் போடலாமா என்று கேட்டாய். உனக்குப் புத்தி சொல்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் "என்னப்பா நினைக்கிறீங்க" என்று நீயாகக் கேட்டதால் எழுதுகிறேன். போனில் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே குறுக்கே வந்துவிடுவாய்.

32 வருஷம் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நின்றவன் நான். பின்னேரம் கொழுந்து லொறி வந்ததும் மலையிலிருந்து வருகிறவர்கள் சந்தோஷமாகக் கத்துவார்கள், "இன்னைக்கு ஆறாயிரம் கிலோ ஐயா!" மழை நாளென்றால் சாக்கை இறக்கும்போதே தண்ணீர் சொட்டும். நான் தலையாட்டிக்கொண்டு புத்தகத்தில் எழுதுவேன், சந்தோஷப்பட மாட்டேன். ராத்திரி முழுக்க வாட்டி, விடியற்காலையில் உருட்டி, புளிக்கவிட்டு, காயவைத்து, சலித்து முடித்தபின் எத்தனை கிலோ தூள் நிற்கிறது என்பதுதான் என் கணக்கு. நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள். அந்த எண் 20-க்குக் கீழே இறங்கினால் தோட்டத்தை நடத்துகிற துரை ஸ்டோர் வாசலில் வந்து நிற்பார். கொழும்பு ஏலத்தில் யாரும் பச்சைக் கொழுந்தை விலை கேட்பதில்லை.

உன்னுடைய நாலு செய்தியையும் சிவப்புப் பேனையோடு வாசித்தேன். முதலாவது, ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யப் புரிந்துணர்வு ஒப்பந்தம். இரண்டாவது, ஒரு பருப்புத் தொழிற்சாலையில் சோதனைக்கு ஒரு மெஷின். மூன்றாவது, விற்பனைக்குப் புது உதவித் தலைவர். ஒருவரை வேலைக்கு எடுத்ததைக் கூடச் செய்தியாகப் போடுவார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். நாலாவதுதான் நீ கைதட்டுகிற படத்தோடு அனுப்பியது, தென் அமெரிக்காவில் ஒரு பெரிய விநியோகஸ்தரோடு உடன்பாடு. அன்று ஒரே நாளில் பங்கு 40 சதவீதம் ஏறியது என்றாய். அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தேன். இத்தனை மெஷின் வாங்குவோம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். "விற்க உரிமை" இருக்கிறது, "வாங்கும் கடமை" இல்லை. நாலிலும் டொலர் குறியே கிடையாது. எல்லாம் சாக்கில் சொட்டுகிற தண்ணீரோடு எடைபோட்ட கொழுந்து, மகள்.

தூள் அறிக்கைக்குள்ளே இருக்கிறது. மூன்று மாத வரவு 6 லட்சம் டொலர், செலவு 25 லட்சம். ஜூன் கடைசியில் கையிருப்பு 38 லட்சம். இதே வேகத்தில் போனால் வருஷக் கடைசியில் பெட்டி காலி. இது நான் போட்ட கணக்கு மட்டுமில்லை. 11-ஆம் பக்கத்தில் அவர்களே எழுதியிருக்கிறார்கள், கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்று. அந்தப் பக்கத்தை நீ வாசித்தாயா? நாலு செய்தியையும் சொன்ன நீ இதைச் சொல்லவில்லையே.

பணம் முடிந்தால் எங்கே போவார்கள்? புதுப் பங்கு அச்சடிப்பார்கள். போன வருஷ அறிக்கையின் முகப்பில் பங்குகள் 2 கோடி 10 லட்சம், இந்த வருஷம் 3 கோடி 40 லட்சம். அதற்கு மேல், பின்னால் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுத்து வைத்த உரிமைச் சீட்டுகள் 90 லட்சம். உன் 3000 பங்கு அப்படியேதான் இருக்கிறது, வகுக்கிற எண்தான் பெருத்துக்கொண்டு போகிறது. நீ பார்க்கிற விலைக் கோட்டில் இது தெரியாது.

விலை ஒரு டொலருக்குக் கீழே போன விஷயத்தையும் நீ லேசாகச் சொல்லிவிட்டுப் போனாய். உன் பங்கு விற்கிற அமெரிக்காவின் நஸ்டாக் சந்தையில் ஒரு பங்கின் விலை தொடர்ந்து 30 வேலைநாள் ஒரு டொலருக்குக் கீழே நின்றால் சந்தையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். சரிப்படுத்த 180 நாள் கொடுப்பார்கள். அதற்குள் தொடர்ந்து குறைந்தது பத்து வேலைநாள் ஒரு டொலரோ அதற்கு மேலோ நிற்க வேண்டும். வியாபாரத்தால் ஏற்ற முடியாதவர்கள் பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள், 84 சதம் மறுநாள் 8 டொலர் 40 சதமாக நிற்கும். பத்து ஒரு ரூபாய்க் குற்றியைக் கொடுத்து ஒரு பத்து ரூபாய்க் குற்றியை வாங்குகிற கதை. இதில் உனக்கு நஷ்டமுமில்லை, லாபமுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு திரும்பவும் புதுப் பங்கு விட இடம் கிடைத்துவிடும். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

மெஷின் பொய் என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி உன்னைவிட எனக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். சலிக்கிற அறையில் வரிசையாக உட்கார்ந்து தூளிலிருந்து குச்சி பொறுக்கிய பொம்பிளைகளை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அந்த வேலைக்குக் கலர் சோர்ட்டர் வந்தது. மேலேயிருந்து தூள் விழும், கெமரா பார்க்கும், குச்சி தெரிந்தால் காற்று ஊதித் தள்ளிவிடும். விற்க வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த தூளில் அதை ஓட்டிக் காட்டினார்கள். முத்து முத்தாகப் பிரித்தது. துரை அங்கேயே மயங்கிவிட்டார். ஆடி மழையில் எங்கள் தூள் போனபோது, தேயிலைப் பஞ்சு கண்ணாடியில் ஒட்டி மெஷினுக்குக் குருடு பிடித்துவிட்டது. காற்று வருகிற துளைகளும் அடைத்துக்கொண்டன. கொழும்பிலிருந்து ஆள் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பழையபடி பொம்பிளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு மூடி போட்டு, மணிக்கொரு தரம் துடைக்கப் பழகி, மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பக்கத்து ஸ்டோருக்கு இரண்டாவது மெஷின் வாங்கும்போது துரை கெமராவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பழுதானால் எத்தனை மணிக்குள் ஆள் வரும் என்றுதான் கேட்டார். வேறு இடத்தில் வாங்கினார்.

அதனால் உன் கம்பெனியில் நான் தேடியது ஒன்றுதான்: ஒரு மெஷின் வாங்கியவன் திரும்பி வந்து இரண்டாவதை வாங்கினானா? 19-ஆம் பக்கத்தில் வரவில் 61 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து என்று இருக்கிறது. அவன் தும்மினால் கம்பெனிக்குக் காய்ச்சல். ஆனால் 23-ஆம் பக்கத்தில் ஒரு வரி. பராமரிப்புச் சேவைக்கு வந்த பணம் ஒரு வருஷத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது. வாங்கிப்போட்ட மெஷின்கள் மூலையில் தூசி பிடிக்காமல் ஓடுகின்றன என்று அர்த்தம். 46 பக்கத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். அதைப் பற்றி ஒருத்தரும் செய்தி போடவில்லை, நீயும் சொல்லவில்லை. இன்னொன்றும் பார். கம்பெனி அதிகாரிகள் சொந்தக் காசில் பங்கு வாங்கினாலும் விற்றாலும் அமெரிக்காவில் இரண்டு வேலைநாளுக்குள் அறிவிக்க வேண்டும். இந்த 84 சதத்தில் அவர்களில் ஒருவராவது வாங்குகிறாரா என்று பார்.

இனி நம் வீட்டுக் கதை. 92-இல் அரசாங்கத் தோட்டங்களை நடத்தக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். சில வருஷம் கழித்துப் பங்குகளை விற்றபோது, பத்து சதவீதம் தொழிலாளர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் இலவசம் என்றார்கள். எனக்கும் ஒரு பத்திரம் வந்தது, தடித்த தாள், ஓரத்தில் பூவேலை. அடுத்த சம்பளத்தன்று ஒரு ஆள் குடையும் பையுமாக வந்து கடைப் பக்கம் நின்றார். பங்கைக் கைமாற்றுகிற படிவங்களை நிரப்பியே கொண்டுவந்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டுவிட்டேன். உன் அண்ணனுக்குச் சப்பாத்தும் வீட்டுக்கு ஒரு ரேடியோவும் வாங்கினேன். எதை விற்றேன் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தோட்டத்தின் மேல் பிரிவில், தொழிலாளர் லயத்தில் ஒரு கிழவி மட்டும் விற்கவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். அவளுக்குப் பங்கிலாபக் காசோலை வந்தபோது, அதை மாற்ற அவளிடம் பேங்க் கணக்கு இல்லை. 1896-இல் கொழும்பில் பங்குத் தரகர்கள் சங்கம் கூடியதே இந்த மலைகளில் தேயிலை போடக் காசு திரட்டத்தான். நூறு வருஷம் கழித்து அந்தப் பங்கு நம் கைக்கு வந்து, ஒரு ரேடியோவாகிப் போனது.

அடுத்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. 2009 தொடக்கத்தில் 1500-ஐ ஒட்டி நின்ற கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7800-ஐத் தாண்டியது. சும்மா இருக்க முடியுமா? கண்டியில் ஒரு தரகர் அலுவலகத்துக்கு லீவு நாட்களில் போவேன். மாடியில் ஒரு திரை, பத்துப் பதினைந்து பேர், பிளேன்டீ. ரிட்டயரான பேங்க்காரர், ஒரு பள்ளிக்கூட அதிபர், துணிக்கடைக்காரர். எல்லோர் கையிலும் ஒரே பங்கு. அதனால் எல்லோரும் அதைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். ஒரு நாள் பழைய கிளார்க் ஒருவர், "அது சரி, இந்தக் கம்பெனி என்னதான் செய்யுது?" என்று கேட்டார். எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சிரித்தோம், நானும்தான். அவர் அடுத்த வாரம் விற்றுவிட்டுப் போய்விட்டார். என்னுடைய இரண்டு லட்சம் நாற்பதாயிரமானது.

உன்னோடு மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிப் பேசுகிற ஐந்து பேரைச் சொன்னாயே, அவர்களில் அந்தப் பங்கை வாங்காத ஒருவராவது இருக்கிறாரா?

இருக்கிறதை விற்று எறி என்று நான் சொல்லமாட்டேன். 3000 பங்கும் போனால்கூட நீ சாப்பிடாமல் இருக்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்காசைத் தொடாதே. சராசரி இறங்கும் என்பது உன் மனதுக்கு ஆறுதல், கம்பெனியின் பெட்டியில் அதனால் ஒரு சதம்கூடக் கூடாது. 2022 ஞாபகமிருக்கிறதா? காஸ் வரிசையில் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்துவிட்டு நான் பகலெல்லாம் நின்ற நாட்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனது. அம்மாவின் மருந்துக்கு நீ கேட்ட அன்றே அனுப்பினாய். அது பேங்கில் காசாகக் கிடந்ததால்தானே முடிந்தது? பாதி விலைக்கு விழுந்த பங்காக இருந்திருந்தால், விற்கவா வேண்டாமா என்று நீ யோசித்துக்கொண்டிருந்திருப்பாய்.

செப்டம்பரோடு முடிகிற காலாண்டு அறிக்கை நவம்பர் 14-க்குள் வந்தாக வேண்டும். அதுவரை பொறுத்திரு. வந்ததும் முழுதையும் அனுப்பாதே, கொமினிகேஷன் கடைப் பையன் என்னைக் கண்டாலே தாள் கட்டை உடைக்கிறான். பங்கு எண்ணிக்கை இருக்கிற முகப்பு, கையிருப்பு, பராமரிப்பு வரவு, அந்த ஒரே வாடிக்கையாளர், இந்த நாலு பக்கம் போதும். கையிருப்பு கூடி பங்கு எண்ணிக்கையும் கூடியிருந்தால், அது யார் காசு என்று உனக்கே தெரியும். பராமரிப்பு வரவு திரும்பவும் கூடியிருந்தால் எனக்குப் போன் எடு, அப்போது நானே மனதை மாற்றினாலும் மாற்றுவேன்.

இங்கே நாலு நாளாக ஒரே மழை. அணைக்கட்டுப் பக்கம் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கத்து லீக்ஸ் பாத்தி அழுகிப் போயிற்று. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு முத்திரை வாங்கப் போயிருந்தேன். அம்மா முழுதும் வாசித்துவிட்டாள். கண்டிக் கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பாஸ் புத்தகத்தை 2011-லேயே பார்த்தாளாம். உன்னிடம் அந்தக் கம்பெனிக்காரர்கள் கலியாணம் கட்டியவர்களா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். ஏனென்று கேட்டேன், பதிலில்லை.