கீழே படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியவில்லை: தொட்டில் மொபைல் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: இசையுடன் சுழலும் தொட்டில் மொபைலின் வடிவமைப்புக் குறைகள், பெட்டியில் உள்ள தவறான வயதுக் குறிப்பு, பணத்தைத் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

உங்கள் தொட்டில் மொபைல், அதாவது தொட்டிலில் மாட்டிய கம்பத்திலிருந்து குழந்தைக்கு மேலே கயிற்றில் பொம்மைகளைத் தொங்கவிட்டுச் சுழற்றும் கருவி, உடையவில்லை. மோட்டார் ஓடுகிறது, பாட்டும் வருகிறது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் "ஓடுதுல்ல, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றுதான் கேட்டார். இதைச் செய்தவர்களில் ஒருவர்கூட இதற்குக் கீழே படுத்துப் பார்த்திருக்கமாட்டார் என்பதுதான் பிரச்சினை.

நான் படுத்துப் பார்த்தேன். கம்பத்தைத் தொட்டிலிலிருந்து கழற்றி மேசை விளிம்பில் மாட்டிவிட்டு, தரையில் மல்லாந்து படுத்தேன். பெட்டியின் மேல் உள்ள படத்தில் யானை, முயல், நிலா, மேகம் என்று நான்கு அழகான பொம்மைகள். கீழிருந்து பார்த்தால் நான்கு வெளிர் சாம்பல் வட்டங்களும் அவற்றின் நடுவே தையல் முடிச்சும்தான். முயலின் அடியில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு, துவைக்கும் முறை அச்சிட்ட துணிச்சீட்டு. என் மகளுக்கு முயல் என்றால் அந்தச் சீட்டுதான். யானையின் முகமும் தும்பிக்கையும் தொட்டிலுக்கு வெளியே நிற்கிற எங்களைப் பார்த்துச் சுற்றுகின்றன. பொம்மைகளின் முகம் கீழ்நோக்கி இருக்கும்படி கோத்திருந்தால் கூடுதல் செலவு ஒன்றும் ஆகியிருக்காது.

நிறமும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆனால் மொபைலை அவ்வளவு தாழ்வாகத் தொங்கவிட முடியாது, கைக்கு எட்டிவிடக் கூடாது. அப்படியென்றால் தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படும்படி கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடு வேண்டும். முதல் சில வாரங்களில் குழந்தையின் பார்வையை இழுப்பது அதுதான், வெளிர் நிறங்களைப் பிரித்தறியும் திறன் மாதக்கணக்கில்தான் வளர்கிறது. நீங்கள் கொடுத்திருப்பதோ பால் வெள்ளை, வெளிர் சாம்பல், அதைவிட வெளிரிய இளஞ்சிவப்பு. அறையின் சுவருக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சுவருக்காக நாங்கள் வாங்கவில்லை.

அடுத்தது சத்தம். கோபம் வந்தது இதில்தான். ஒலிப்பெருக்கி பொம்மைகள் தொங்கும் குடையின் நடுவிலேயே இருக்கிறது, அதாவது குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே. ஒலி அளவு இரண்டே நிலைதான். குறைந்த நிலையில் வைத்தாலே அடுத்த அறையில் பாட்டு கேட்கிறது. அமெரிக்காவின் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கப்படும் 14 ஒலிக்கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தபோது, மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 50 டெசிபல் வரம்பை எல்லாமே தாண்டின. கருவியைத் தொட்டிலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒலியைக் குறைத்து வைக்கச் சொன்னார்கள் அந்த ஆய்வாளர்கள். அப்படிப்பட்ட கருவியையாவது அறையின் மூலைக்கு நகர்த்தலாம். உங்கள் மொபைலை எங்கே நகர்த்துவது? ஒலிப்பெட்டியைக் கம்பத்தின் அடியில், தொட்டிலின் வெளிப்பக்கமாக வைத்துச் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன.

விளக்கு, பாட்டு, சுழற்சி மூன்றுக்கும் ஒரே சுவிட்ச். இருட்டில் பாட்டு மட்டும் போட வழியில்லை. அந்தச் சுவிட்சும் குடையின் உச்சியில் இருப்பதால், கண்ணயரப் போகும் குழந்தையின் மேல் குனிந்துதான் அழுத்த வேண்டும். முகத்தைப் பார்த்ததும் அவள் கை கால் உதைத்துச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். சரி, எப்படியோ தூங்கிவிட்டாள் என்று வையுங்கள். நேரம் முடிந்து தானாக நிற்கும்போது இந்தப் பொருள் 'பீப்' என்று ஒலி எழுப்புகிறது, துவைத்து முடித்த சலவை இயந்திரம் ஆளைக் கூப்பிடுவதுபோல. யாரைக் கூப்பிடுகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உங்கள் ஊழியர் "போகப்போகக் குழந்தைக்குப் பழகிடும்" என்றார்.

மோட்டாரின் கரகர ஒலி, தடித்த சட்டத்தில் ஏறாத பிடிப்பான், இவற்றைப் பற்றி நீட்டி எழுதவில்லை. எல்லாத் தொட்டிலுக்கும் பொருந்தும் என்ற வரியை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விட்டுவிட முடியாதது வயதுக் குறிப்பு. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் '0 முதல் 18 மாதம் வரை'. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், குழந்தை கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எழத் தொடங்கியதும் அல்லது 5 மாதம் ஆனதும், எது முந்தியதோ அப்போது கழற்றிவிட வேண்டும் என்று இருக்கிறது. எச்சரிக்கை சரியானதுதான். எழுந்து எட்டிப் பிடிக்கும் குழந்தையின் கழுத்திலோ விரலிலோ கயிறு சுற்றிக்கொள்ளும், இழுத்தால் கம்பமே மேலே விழும். அமெரிக்கப் பொம்மைத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்963-உம் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றும் கட்டத்தில் மொபைலைத் தொட்டிலிலிருந்து அகற்றச் சொல்லும் எச்சரிக்கையைக் கேட்கிறது. ஆக, உண்மை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டியில் 18 என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் கழற்ற வேண்டிய பொருள் என்று வெளியே எழுதினால் இந்த விலைக்கு விற்பது கடினம் என்பது புரிகிறது. ஆனால் பெட்டியை மட்டும் பார்த்து, தாளைப் பிரிக்காமலே எறிந்துவிடும் வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எனவே நான் கேட்பவை:

பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொருளோ தள்ளுபடிக் கூப்பனோ வேண்டாம், அதே மாதிரியில் இன்னொன்று வந்தால் இதே கடிதத்தைத்தான் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். இப்போது கடைகளில் இருக்கும் பெட்டிகளில் வயதுக் குறிப்பைத் திருத்திய ஒட்டுச்சீட்டும், கழற்ற வேண்டிய கட்டத்தைச் சொல்லும் எச்சரிக்கையும் முன்பக்கத்தில் வர வேண்டும். குழந்தையின் காது இருக்கும் இடத்தில் இந்த ஒலியை அளந்திருக்கிறீர்களா, அளந்திருந்தால் எத்தனை டெசிபல் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். பழகிவிடும் என்ற பதிலை நான் ஏற்கப்போவதில்லை.

ரசீதின் நகலையும், கீழிருந்து எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். மொபைலை பேட்டரிகளைக் கழற்றி அதே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். யாரை, எப்போது எடுத்துப்போக அனுப்புகிறீர்கள் என்று பதிலில் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்