வன்தட்டின் தடங்கள் தொழிற்சாலையிலேயே எழுதப்படுகின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப மாணவர்களுக்காக வந்த கட்டுரையில், புதிய வன்தட்டு வெறுமையாக வருகிறது, போர்மட் செய்யும்போதுதான் அதில் தடங்களும் (தரவு எழுதும் வட்டப் பாதைகள்) செக்டர்களும் (அவற்றின் சிறு துண்டுகள்) உண்டாகின்றன என்று எழுதப்பட்டிருந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய தட்டுகளைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. இன்றைய தட்டுகளுக்கு முழுப் பிழை. பரீட்சைத் தாளோடு போய்விடும் பிழை என்றால் விட்டுவிடலாம். ஆனால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பழுதான தட்டுக்கு 'லோ லெவல் போர்மட்' (தடங்களையும் செக்டர்களையும் அடியிலிருந்து எழுதுவது) அடித்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கப்படுவது இந்த நம்பிக்கையை வைத்துத்தான். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1980 இல் வந்த சீகேட் எஸ்.டி.506 தட்டின் கொள்ளளவு 5 மெகாபைட். வாசிக்கவும் எழுதவும் செய்யும் அதன் முனையை, அதாவது ஹெட்டை, படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டர் நகர்த்தியது. மோட்டர் கணக்குப்படி திரும்பும், ஹெட் அடுத்த தடத்துக்குப் போகும். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க வழியில்லை. அந்தக் காலத்துத் தட்டுகளின் செக்டர்களைக் கடையில் வைத்தே அடியிலிருந்து எழுதிவிடலாம். டொஸ் கணினியின் டிபக் மென்பொருளில், அந்தப் போர்மட்டைத் தொடங்க 'ஜீ=சீ800:5' என்று அடித்த கைகள் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. 'லோ லெவல் போர்மட்' என்ற பேச்சு அப்போது வந்தது.

இப்போது ஹெட்டை நகர்த்துவது வொய்ஸ் கொயில். இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள். கரண்டைக் கூட்டினால் ஒரு பக்கம், திருப்பினால் மறுபக்கம். அதற்குப் படி கிடையாது. தான் எங்கே நிற்கிறது என்பதை, தட்டுக்குள் சுழலும் காந்தத் தகட்டிலிருந்தே ஹெட் படித்தறிய வேண்டும். அங்குலத்துக்கு 4 இலட்சம் தடம் என்றால் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வெறும் 63.5 நனோமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் வழிகாட்ட, தகட்டில் முன்கூட்டியே எழுதிவைக்கும் அடையாளங்களுக்கு சேர்வோ என்று பெயர்.

தகட்டின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஆப்பு வடிவில் சேர்வோ பகுதிகள் இருக்கும். ஒரு சுற்றுக்கு இருநூறு, முந்நூறு என்ற கணக்கில் அவை வரும். ஒவ்வோர் ஆப்பிலும் முதலில் ஒரே சீரான அலை; வாசிக்கும் மின்சுற்று தன் சமிக்ஞை அளவையும் நேரத்தையும் அதில் சரிசெய்துகொள்ளும். அடுத்து ஒரு தொடக்கக் குறி. பிறகு தட இலக்கம். இந்த இலக்கம் சாதாரண இரும எண்ணில் இருக்காது, கிரே குறியீட்டில் இருக்கும். காரணம் எளிது: 7 இலிருந்து 8 க்குப் போக, 0111 இல் நான்கு பிட்டும் மாறி 1000 ஆகிறது. ஹெட் இரண்டு தடத்துக்கும் நடுவில் ஓடினால் எந்த எண்ணும் வாசிக்கப்படலாம். கிரே குறியீட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கிடையே ஒரேயொரு பிட்தான் மாறும். பிழைத்தாலும் பக்கத்துத் தடத்தோடு நிற்கும். கடைசியில், தட மையத்தின் இருபுறமும் அரைத் தடம் தள்ளி எழுதிய சமிக்ஞைத் துண்டுகள். இரண்டும் சம பலத்தில் கேட்டால் ஹெட் நடுவில் இருக்கிறது. ஒன்று ஓங்கினால் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் தட்டில், சுற்றுக்கு 240 ஆப்பு என்று வைத்தால், செக்கனுக்கு 28,800 தடவை இந்தத் திருத்தம் நடக்கும்.

இந்தச் சேர்வோவை எழுதுவதுதான் தொழிற்சாலையின் பெரிய தலையிடி. 3.5 அங்குலத் தட்டின் தகடு பெரும்பாலும் 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கலப்பு. நிக்கல்-பொஸ்பரஸ் பூசி, மெருகேற்றி, வெற்றிடத்தில் காந்தப் படலங்கள் படியவைத்து, மேலே சில நனோமீட்டர் காபனும் மசகும் இட்டு எடுப்பார்கள். இதுவரை தடம் எதுவும் இல்லை.

பழைய முறையில், பூட்டிய தட்டைத் தூய அறையில் வைத்து, அடித்தளத் துவாரத்தினூடே ஓர் ஊசியை விட்டு ஹெட்டின் கையைத் தள்ளுவார்கள். ஊசி எவ்வளவு நகர்ந்தது என்பதை லேசர் அளக்கும். இன்னொரு துவாரத்தால் நுழையும் தனி ஹெட் நேரக் கணக்கைத் தரும். தடங்கள் பெருகப் பெருக இந்த வேலை மணிக்கணக்கில் இழுபட்டது. அத்துவாரங்களை மூடியவைதான் பல தட்டுகளின் அடியிலும் பக்கத்திலும் காணும் வெள்ளி நிற ஸ்டிக்கர்கள். கீழே என்ன இருக்கிறதென்று பார்க்க உரித்தால் தூசி நேரே தகட்டுக்குப் போகும்.

தகடுகளை அடுக்கி, பூட்டுவதற்கு முன்பே எழுதுவது இன்னொரு முறை. அதில், பூட்டும்போது மையம் விலகும். 10 மைக்ரோமீட்டர் விலகினாலே ஹெட்டுக்குக் கீழே தடங்கள் 20 மைக்ரோமீட்டர் ஊசலாடும். ஒரு சுற்றுக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட தடங்கள் குறுக்கே போகும். தட்டு அந்த ஆட்டத்தைப் பழகி, கையையும் கூடவே ஆட்ட வேண்டும். கடை மேசையில் தகட்டைக் கழற்றி வேறு உடலில் மாட்டுவதாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

ஜப்பானில் ஃபுஜி ஃபிலிம், மட்சுஷிட்டா நிறுவனங்கள் காந்த அச்சு முறையில் உழைத்தன. தகடு முழுவதையும் முதலில் ஒரே திசையில் காந்தமாக்கி, வடிவம் பொறித்த மூலத்தகட்டை அதன்மேல் அழுத்தி, எதிர்த்திசைக் காந்தப் புலம் கொடுத்தால், வடிவத்துக்கேற்பச் சில இடங்கள் புரளும், சில இடங்கள் பழையபடி நிற்கும். முத்திரை குத்துவது போல ஒரே அழுத்தில் ஒரு பக்கம் முடிகிறது. ஆனால் இடையில் ஒரு தூசி அகப்பட்டால் அதைச் சுற்றி அச்சு விழாது. தூசி மூலத்தகட்டில் ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் தகடுகளிலும் அதே இடம் பழுது.

மூடி பூட்டிய தட்டைத் தன் ஹெட்டாலேயே எழுதவைப்பதும் உண்டு. முதலில் சுருள் வடிவக் கோடுகள் சிலவற்றை எழுதி, அவற்றைப் பிடித்துக்கொண்டு முறையான ஆப்புகளை எழுதும். தூய அறையில் இடம் பிடிக்காது என்பது இதன் பெரிய இலாபம். சிக்கல் என்னவென்றால் வாசிக்கும் முனையும் எழுதும் முனையும் ஒரே இடத்தில் இல்லை. கை சாய்வாக நகர்வதால் அந்த விலகல் உள்தடத்தில் ஓர் அளவு, வெளித்தடத்தில் வேறு அளவு, ஒவ்வொரு ஹெட்டுக்கும் வேறு வேறு. தொழிற்சாலை அளந்தெடுத்த இந்த எண்களில் பல, சேர்க்கிட் போர்டிலுள்ள ரொம் சிப்பில் இருக்கின்றன. அதே மொடல் போர்டைக் கழற்றி மாட்டியும் தட்டு எழும்பாததன் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய போர்டின் ரொம்மைக் கழற்றிப் புதிய போர்டில் பொருத்த வேண்டும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது: ஹெட் ஆப்பின் மேல் போகும் கணத்தில் எழுதும் மின்சுற்றைத் தட்டே அடைத்துவிடும். கணினியிலிருந்து எந்தக் கட்டளை போனாலும் அங்கே எழுத முடியாது. குயிக் போர்மட் கோப்பு முறைமையின் அட்டவணையை மட்டும் எழுதுகிறது. கடைகளில் 'லோ லெவல்' என்று ஓடும் மென்பொருள் தரவுப் பகுதிக்குப் பூச்சியம் நிரப்புகிறது. வாசிக்கத் தடுமாறும் செக்டர்கள் அப்போது தட்டில் ஒதுக்கிவைத்த மாற்றிடத்துக்குப் போகும். அதனால் சில தட்டுகள் தேறுவதும் உண்மை. தட்டு தன் நிலைமையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5 ஆம் இலக்கத்தையும் (மாற்றிடத்துக்குப் போன செக்டர்கள்) 197 ஆம் இலக்கத்தையும் (தடுமாறும் செக்டர்கள்) முன்னும் பின்னும் பாருங்கள். 5 ஆம் இலக்கம் ஏறிக்கொண்டே போனால் தட்டை நம்ப வேண்டாம். (1 டெராபைட் தட்டு 931 ஜிகாபைட் என்று காட்டுவது சேர்வோவுக்கு இடம் போனதால் அல்ல. ஆயிரத்தால் பெருக்கியதை 1024 ஆல் வகுப்பதால். சேர்வோ இடம் கொள்ளளவுக் கணக்கிலேயே வராது.)

'டிக், டிக்' என்று தட்டிவிட்டு நின்றுபோகும் தட்டுக்குப் போர்மட் எந்த வகையிலும் உதவாது. ஹெட்டால் சேர்வோவை வாசிக்க முடியவில்லை: ஹெட் பழுதாகியிருக்கலாம், தகடு கீறியிருக்கலாம். உள்ளே முக்கியமான கோப்பு இருந்தால் கரண்ட் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். கொடுக்கக் கொடுக்கக் கீறல் நீளும்.

இறுதியாக, படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் பழைய கணினிகளை அன்பளிப்புச் செய்யும் அலுவலகங்களுக்கு: தரவை அழிக்கவென்று, பலத்த காந்தப் புலத்தால் அழிக்கும் டிகோசர் கருவியில் வைத்தால் சேர்வோவும் சேர்ந்து அழியும், அந்தத் தட்டு பிறகு எவருக்கும் உதவாது. ஒரு தடவை முழுவதும் பூச்சியம் நிரப்பிக் கொடுங்கள். செக்கனுக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட்டுக்கு மூன்று மணித்தியாலம் போதும். டிகோசர், குப்பைக்குப் போகும் தட்டுகளுக்கு மட்டும்.

இப்படிக்கு,
கணினித் திருத்துநர்கள் இருவர்,
மட்டக்களப்பு.