ஞாயிறு மாத்தூர் போறோம், உடுப்பு விஷயம் கொஞ்சம் கவனிங்க

அக்காமாரே, தங்கச்சிமாரே, போன தடவை முட்டம் கடற்கரைப் பாறையில எடுத்த படத்தைப் பாத்தீங்களா? பாதிப் பேர் பாறை நிறத்துலயே உடுத்தி வந்ததால யார் எங்க நிக்கிறாங்கன்னே தெரியல, எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. இந்தத் தடவை நல்ல பளிச்சுன்னு வாங்க.

மாத்தூர் தொட்டிப்பாலம், அதான் கால்வாய்த் தண்ணி மேல போற பாலம், முழுக்க சாம்பல் நிறக் கான்கிரீட், சுத்திலும் தென்னையும் ரப்பரும். அங்க பச்சை எடுபடாது. மஞ்சள், ராணி பிங்க், ஆரஞ்சு எல்லாம் அழகா நிக்கும். என்ன நிறத்தை எதோட சேர்க்கன்னு குழம்புறவங்க தோவாளையில கட்டுற மாணிக்கமாலைங்கிற பூமாலையை நினைச்சுக்கோங்க. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவுல நொச்சி இலைப் பச்சை, அவ்வளவுதான். அதுமாதிரி வெள்ளை காட்டன் குர்தி, சிவப்புத் துப்பட்டா, பச்சைக் கண்ணாடி வளையல்னு போட்டா போதும், புதுசா எதுவும் வாங்க வேண்டாம்.

நகையில ஒண்ணு மட்டும் பெருசா இருக்கட்டும். பெரிய டெரகோட்டா ஜிமிக்கி போட்டா கழுத்து காலியா இருக்கணும், கழுத்துல கனமான மணிமாலைன்னா காதுக்குச் சின்னத் தோடு. தங்கம் வேண்டவே வேண்டாம்.

பாலம் 115 அடி உயரம், மேல காத்து பலமா அடிக்கும், அதனால துப்பட்டாவைப் பின் குத்திக்கோங்க, தொப்பிக்குக் கயிறு வேணும். அப்புறம் திற்பரப்பு அருவியில குளிக்கிறவங்க மாத்து உடுப்பு எடுத்துக்கோங்க, புதுச் சிவப்புத் துணி சாயம் விடும், வெள்ளையோட சேத்து ஒரே பையில வைக்காதீங்க. ஹீல்ஸ் வேண்டாம், பாறை வழுக்கும்.

யார் யார் என்ன நிறம்னு நாளைக்கு ராத்திரிக்குள்ள இங்கயே போடுங்க.