ஆறாம் இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்: ஆஸ்திரேலியத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலிய ஆண்கள் டெஸ்ட் அணியின் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். 2027 தொடக்கத்தில் ஐந்து டெஸ்ட் ஆட இந்தியா வருகிறீர்கள். 2004-க்குப் பிறகு உங்கள் அணி இங்கே தொடரை வென்றதில்லை. பிட்சைக் குறை சொல்லி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நாங்கள் சொல்ல வருவது, பதினொருவர் பட்டியலை எங்கிருந்து எழுதத் தொடங்குவது என்பதைத்தான். ஆறு பேட்டர், கீப்பர், மூன்று வேகப்பந்து வீச்சாளர், ஸ்பின்னராக ஒரு லயன் என்று உள்ளூர் அணியை எழுதிவிட்டு, ஒரு வேகத்தை நீக்கி ஒரு ஸ்பின்னரைச் செருகுவது உங்கள் வழக்கம். இந்தியாவுக்கான பட்டியலை ஆறாம் இடத்திலிருந்து, அதாவது பேட்டும் பந்தும் வரும் ஆல்ரவுண்டரிலிருந்து, எழுதத் தொடங்க வேண்டும்.

2023 தொடரையே எடுத்துக்கொள்வோம். விரல் காயத்தால் ஆல்ரவுண்டர் கேமரன் கிரீன் முதல் இரண்டு டெஸ்டில் இல்லை. நாக்பூரில் வேகத்துக்குக் கம்மின்ஸ், போலண்ட், சுழலுக்கு லயன், மர்ஃபி என நான்கே பந்துவீச்சாளர்கள். அறிமுக ஆட்டத்திலேயே மர்ஃபி 124 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தும், இன்னிங்ஸ் மற்றும் 132 ரன்னில் தோல்வி. டெல்லியில் மூன்று ஸ்பின்னர்களோடு கம்மின்ஸ் மட்டுமே வேகம். இந்தூரில் கிரீன் ஆறாம் இடத்துக்குத் திரும்பினார். வேகத்துக்கு ஸ்டார்க்கோடு, ஸ்பின்னர்கள் லயன், மர்ஃபி, குனமன் மூவரையும் இறக்க முடிந்தது, பேட்டிங்கும் குறையவில்லை. ஒன்பது விக்கெட்டில் வென்றீர்கள். அந்த டெஸ்டில் கிரீனின் பந்துவீச்சு பெரிதாகத் தேவைப்படவே இல்லை. ஆனால் அவர் அங்கே இருந்ததால்தான், டெல்லியைப் போல ஒரே வேகத்தோடு நிற்காமல் மூன்றாவது ஸ்பின்னருக்கு இடம் கிடைத்தது.

கணக்கு எளிது. இந்தியா ஒரு இன்னிங்ஸில் 120 ஓவர் ஆடும் என்று வையுங்கள். இந்த வெயிலில் ஒரு வேகப்பந்து வீச்சாளரிடம் நான்கைந்து ஓவர் ஸ்பெல்லாக 18 ஓவருக்கு மேல் வாங்கினால் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் கையில் வேகம் இருக்காது. இரண்டு வேகம் 36, முதன்மை ஸ்பின்னர்கள் இருவர் 60. மீதி 24 ஓவருக்கு ஆள் எங்கே? அதைப் பகுதிநேர ஆட்களிடம் விட்டால், ஒரு செஷனில் 130 ரன் போகும் ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. கிரீனோ, மித வேகமும் ஆஃப் ஸ்பின்னும் போடும் வெப்ஸ்டரோ ஆறாம் இடத்தில் இருந்தால் ஓட்டை அடைபடும். டிராவிஸ் ஹெட்டின் சில ஓவர்கள் கூடுதல் வரவு, அவ்வளவுதான்.

இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எட்டாம் இடத்தில் கொஞ்சம் பேட், கொஞ்சம் பந்து என்று ஒருவரைப் போடும் ஆசை வரும். இரண்டாவது ஸ்பின்னரை அவர் அடிக்கும் ரன்னுக்காக எடுக்காதீர்கள். 2024-ல் புனேயில் 13 விக்கெட் எடுத்த நியூசிலாந்தின் இடக்கை ஸ்பின்னர் சான்ட்னருக்கு பேட்டிங்கும் வரும் என்பது உண்மை. ஆனால் 3-0 என்று முடிந்த அந்தத் தொடரில் நியூசிலாந்து கடைசி இரண்டு டெஸ்டையும் வென்றதற்கு, புனேயில் அவர் வேகத்தை மாற்றி மாற்றி ஸ்டம்புக்கே போட்டதும், மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட் எடுத்ததும்தான் காரணம். பேட்டிங் ஆழம் அவருக்கு மேலே ஆடிய பிலிப்ஸிடமும் ரவீந்திராவிடமும் இருந்தது.

எந்த வகை ஸ்பின்னர்? இடக்கை ஸ்பின்னர் கட்டாயம் என்று பலர் சொல்கிறார்கள், முழுக்கச் சரியல்ல. இப்போதைய இந்திய வரிசையில் ஜெய்ஸ்வால், பண்ட், ஜடேஜா, வாஷிங்டன் சுந்தர் என இடக்கை பேட்டர்கள் நிறைய. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவின் ஆஃப் ஸ்பின்னர் ஹார்மர் எட்டு விக்கெட் எடுக்க, 124 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 93-க்குச் சுருண்டது. ஆகவே ஓர் ஆஃப் ஸ்பின்னரும் ஓர் இடக்கை ஸ்பின்னரும் அடிப்படை. லயனுக்கு அப்போது வயது 39 இருக்கும். ஐந்து டெஸ்டையும் அவர் தோளில் வைக்காமல் மர்ஃபியைச் சம உரிமையோடு தயார் செய்யுங்கள். இடக்கை ஸ்பின்னர் குனமனை 2023-ல் முதலில் அறிவித்த 18 பேரில் சேர்க்கவே இல்லை. பிறகு அழைத்துவந்தீர்கள், இந்தூரில் 16 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இம்முறை அவர் முதல் விமானத்திலேயே வரட்டும்.

பந்தும் மண்ணும் இதோடு சேர்ந்தவை. இங்கே ஆடுவது எஸ்ஜி பந்து. கையால் தைத்த அதன் தையல் மேடாக, நீண்ட நேரம் நிற்கும். மேல்சுழல் கொடுத்து எழும்பவைக்கும் ஆஸ்திரேலியப் பாணி சேப்பாக்கம், வான்கடே போன்ற செம்மண் பிட்சில் எடுபடும். கரிசல் மண்ணில் பந்து தாழ்ந்துவிடும். அங்கே பக்கவாட்டுச் சுழலோடு, மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஸ்டம்புக்குப் போடுபவர் வேண்டும். தையலில் விழுந்தால் பந்து திரும்பும், தோலில் விழுந்தால் நேரே சறுக்கும். பந்து எப்படி விழும் என்பது போட்டவருக்கே தெரியாது. ஜடேஜாவிடம் எல்பிடபிள்யூ ஆனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வேகத்தைக் கைவிடும் அளவுக்கும் போகாதீர்கள். 2024-ல் பெங்களூரில் இந்தியாவை 46-க்கு உருட்டியவர்கள் நியூசிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஹென்றியும் ஓ'ரூர்க்கும். 2025-ல் குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவின் யான்சென் உயரத்தையும் பவுன்சரையும் வைத்தே 48 ரன்னுக்கு 6 எடுத்தார். எதிர்ப்பக்கத் தவறுக்கு உதாரணம் 2021 அகமதாபாத். பகலிரவு டெஸ்டின் இளஞ்சிவப்புப் பந்து வேகத்துக்கு உதவும் என்று நம்பி, வேகத்தை நிரப்பி, முழுநேர ஸ்பின்னராக லீச் ஒருவரை மட்டும் இறக்கியது இங்கிலாந்து. பகுதிநேரமாகப் போடும் ரூட் 8 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்த பிட்ச் அது! ஆட்டம் இரண்டே நாளில் முடிந்தது.

பேட்டர்களைப் பற்றிச் சுருக்கமாக. நாக்பூரில் ஹெட்டை வெளியே உட்காரவைத்தது ஆசியாவில் அவர் அடித்த ரன் கணக்கை மட்டும் பார்த்த முடிவு. அதே தொடரின் கடைசி டெஸ்டில் அவர் 90 அடித்தார். டெல்லியில் ஒரு விக்கெட்டுக்கு 61 என்றிருந்து 113-க்கு ஆட்டமிழந்தபோது ஸ்மித், ரென்ஷா, கேரி, கம்மின்ஸ் என வரிசையாக ஸ்வீப்பிலேயே போனார்கள். ஸ்வீப் தவறான ஷாட் அல்ல. பந்து தாழும் பிட்சில், ஸ்டம்புக்கு நேராக வருவதை ஸ்வீப் செய்வதுதான் தவறு. கிரீஸின் உள்ளே போய்ப் பின்காலில் ஆடத் தெரிந்தவரா, ஸ்பின்னருக்கு இறங்கி வருபவரா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றாவது இல்லாதவரின், உங்கள் உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டு சராசரி 50 என்றாலும் யோசியுங்கள்.

நெருங்கி நிற்கும் ஃபீல்டர்களும் தேர்வின் பகுதிதான். குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவின் மார்க்ரம் பிடித்த ஒன்பது கேட்ச் இல்லாமல் அவர்களது பந்துவீச்சாளர்களின் கணக்கு வெகுவாகக் குறைந்திருக்கும். ஷார்ட் லெக்கில் எப்போதும் அணியின் இளையவரை நிறுத்தும் பழக்கத்தை விட்டு, அந்த இடத்துக்கென ஒருவரையும் லெக் ஸ்லிப்புக்கு ஒருவரையும் இப்போதே பயிற்றுவியுங்கள்.

பட்டியல் 17 பேர் என்றால் எங்கள் பங்கீடு இது: பேட்டர்கள் ஆறு, கீப்பர்கள் இரண்டு, ஆல்ரவுண்டர்கள் இரண்டு, வேகம் மூன்று, ஸ்பின்னர்கள் நான்கு. மணிக்கட்டு ஸ்பின்னர் வேண்டுமென்றால் அந்த நாலாவது இடம் அவருக்கு. ஆல்ரவுண்டர் இருவரில் ஒருவருக்குக் காயம் என்றால் மறுநாளே மாற்று ஆள் ஏற வேண்டும். 2023-ல் கிரீனுக்காக இரண்டு டெஸ்ட் காத்திருந்தீர்கள், தொடரில் அதற்குள் 0-2 ஆகியிருந்தது.

இப்படிக்கு,
டெஸ்ட் கிரிக்கெட்டைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள் சிலர்