பத்மாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள பத்மா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்து நிற்கும்வரை அடுப்படிப் பக்கம் போகாதே. மருமகள் சமைக்கட்டும், நீ குறை சொல்லாமல் சாப்பிடு.

இங்கே எல்லோரும் சுகம். என் மகன் இப்போது பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறான். ஞாயிறு காலையில் என்னை மணிக்கூண்டு பக்கம் இறக்கிவிட்டுப் போவான். வெயில் ஏறும்வரை காலாற நடப்பேன். விக்டோரியா ராணி பட்டமேறி அறுபது வருஷமானதற்கு எழுப்பிய கூண்டு அது, ஆண்டுக்கு ஓரடி என்று 60 அடி உயரம். சண்டைக்காலத்துக் குண்டுவீச்சில் கொஞ்சம் சாய்ந்து, இன்னும் அப்படியே நிற்கிறது.

அங்கிருந்து பீச் ஸ்ட்ரீட். பேங்க் கட்டடங்களின் தூண்களையும் வளைவுகளையும் பார்த்தால் கல்லாப்பெட்டிக்கு இத்தனை ஜம்பமா என்று தோன்றும். ஒரு காலத்தில் கடல் அந்தத் தெருவை ஒட்டியே இருந்தது. அப்புறம்தான் தூர்த்து வெல்ட் கீ என்ற கடலோரத் தெருவை உண்டாக்கினார்கள்.

ஆனால் எனக்குப் பேங்குகளைவிடக் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகள்தான் பிடிக்கும், அதிலும் அஞ்சடி என்று நாம் சொல்லும் அந்த முன்நடைபாதை. சிங்கப்பூருக்கு வெள்ளைக்காரத் துரை ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட திட்டத்தில் இருந்த விதிதான் இங்கேயும் வந்தது: கடைக்கு முன்னால் கூரையோடு நடைபாதை விட வேண்டும். சட்டத்துக்குப் பயந்து விட்டதுதான், இருந்தாலும் மழையோ வெயிலோ, அடுத்தவன் நிலத்தில் நான் நிழலில் நடக்கிறேன். ஒரு வாசலில் பூப்போட்ட ஓடு, அடுத்ததில் சிவப்புத் தரை, அதற்கடுத்ததில் குறுக்கே மோட்டார் சைக்கிள்! இறங்கி ரோட்டில் நடக்கும்போது வாய்க்குள் திட்டிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு வீட்டில் அடிச்சுவரின் சிமெண்டை உளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கொத்தனாரைக் கேட்டேன். பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுமாம். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துப் பெயிண்ட் கொப்புளமாக எழும்பும். விரலால் தொட்டுப் பார்த்தேன், மாவு போல உதிர்ந்தது.

கிங் ஸ்ட்ரீட்டில் நீங்கள் மாடியில் குடியிருந்த வீடு இப்போது சின்ன ஓட்டல். உன் அம்மா மிளகாய் காயப்போட்ட முற்றத்தில் மீன் தொட்டி. பச்சை மரச்சட்டர்கள் அப்படியே இருக்கின்றன, பளபளவென்று. நீங்கள் இருந்த காலத்தில் ஒரு பலகையாவது ஒழுங்காக மூடியதா? எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. 1948-க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாதென்று சட்டம் இருந்தவரை, இடித்துக் கட்டி என்ன லாபம் என்று முதலாளிகள் சும்மா இருந்தார்கள். அந்த மலிவு வாடகைதான் உங்களையும் காப்பாற்றியது, தெருவையும் காப்பாற்றியது. 2000-இல் சட்டம் போனது, நீங்களும் போனீர்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சுவர்கள் இருந்தன, ஆட்கள்தான் பாதி இல்லை. பாரம்பரியம் என்று போர்டு மாட்டுபவர்கள் இதை மட்டும் எழுத மாட்டேனென்கிறார்கள்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சுவர் ஓவியத்தின் முன் போட்டோவுக்கு ஒரே வரிசை. தலையை நிமிர்த்தி மேல்மாடியைப் பார்ப்பவர் யாருமில்லை. சரி, அவரவர் விருப்பம்.

குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். 1833-இல் எழுந்த கோயில், அவளும் நிறைய வாடகைக்காரர்களைப் பார்த்திருப்பாள்.

டிசம்பர் லீவில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. டாக்டர் சம்மதித்தால் லீத் ஸ்ட்ரீட்டின் நீல மாளிகையையும் பார்ப்போம். சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசிய நீலம் அது. தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு வா, அஞ்சடியில் வாசலுக்கு வாசல் படி ஏறி இறங்க வேண்டும். எந்த பஸ் என்று முன்கூட்டியே சொல், மகனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
சரசு